குமிழா பொத்தானா

என் மனைவியின் வலது பெருவிரல் முதன்முதலாகச் சொல் கேட்காமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது. பச்சை எஞ்சின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவுக்கு வந்தது. அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் அவளுடைய கை இருந்தது. குமிழ்தான் திரும்பவில்லை. எஞ்சின் வந்த வேகத்திலேயே தண்டவாளத்தை விட்டுக் குதித்து, பலகை விளிம்பைத் தாண்டி, சிமெந்துத் தரையில் விழுந்தது.

"என்னங்க, வெரல் கேக்க மாட்டேங்குது," என்றாள்.

"குளிராக்கும். தேய்ச்சு விடும்," என்றேன்.

வட்டகொடையில் வருடத் தொடக்கத்துக் குளிரில் விரல் விறைப்பது புதிதல்ல. நான் குனிந்து எஞ்சினை எடுத்து, சக்கரம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவளுடைய கையைப் பார்க்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலவாக்கலைப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியனாக நியமனம் கிடைத்து மலைக்கு வந்தேன். அவள் தோட்டத்தில் பிறந்தவள். வட்டகொடையிலிருந்து இரண்டு மைல் மேலே ஏறினால் வரும் தோட்டப் பாடசாலையில் கீழ் வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்ணைக் கட்டியதற்காக என் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். லண்டனில் இருந்த தம்பி மட்டும் கடிதம் போடுவான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஸ்டேசனுக்கு மேலே, ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

ரயில் அவளுடையது. அவளுடைய அப்பா துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, கொண்டுபோக முடியாத சாமான்களை வேலையாட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்கு மழைக்கோட்டு, அவளுடைய அப்பாவுக்கு இந்தப் பெட்டி. லயத்து அறையில் அதை விரிக்க இடமில்லை, கரண்டும் இல்லை. கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளில் ஒன்றுக்குள் அது இருந்தது. இரண்டு எஞ்சின், ஏழு பெட்டி, துருப்பிடித்த தண்டவாளங்கள், கனத்த இரும்புக் கொன்ட்ரோலர் ஒன்று.

தேயிலைப் பெட்டிகளின் பலகையைப் பிரித்து அடித்து, முன் அறையில் கட்டிலைவிடப் பெரிய மேடை ஒன்று செய்தோம். மின்சாரம் என் பொறுப்பு. மலை அவளுடையது. பழைய பத்திரிகைகளைக் கூழாக்கி மலையும் சுரங்கமும் கட்டினாள். காய்ந்த பீர்க்கங்கூட்டை நறுக்கிப் பச்சை மையில் தோய்த்துத் தேயிலைச் செடி நட்டாள். தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என்று மூன்று ஸ்டேசன்கள். பெயர்ப் பலகைகளை மூன்று மொழியிலும் அவளே எழுதினாள்.

எங்களுடையது பழைய முறை ரயில். தண்டவாளத்தில் மின்சாரம் கூடினால் எஞ்சின் வேகமாக ஓடும், குறைந்தால் மெதுவாகும், திசையை மாற்றி விட்டால் பின்னால் போகும். எல்லாம் அந்த ஒரு குமிழில்தான். எனக்கு அது வெறும் மின்தடை. அவள் திருப்பும்போது ரயில் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஸ்டேசனுக்கு வரும்போது தயங்கும், கடைசிப் பெட்டி மேடைக்குள் வந்த பிறகுதான் நிற்கும். பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலம் ரயில் ஓட்டுவாள். அந்த நேரத்தில் நான் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

பெருவிரலுக்குப் பிறகு சோக்குக்கட்டி கையிலிருந்து நழுவத் தொடங்கியது. பிறகு சேலைக்கு ஊசி குத்த முடியவில்லை. பாடசாலைக்கு ஏறும் பாதையில் இரண்டு முறை விழுந்தாள். ஹட்டனில் ஒரு டொக்டர் வாதம் என்றார், இன்னொருவர் இரத்தம் குறைவு என்றார். கடைசியில் கண்டியில் ஒரு நரம்பு வைத்தியரிடம் போனோம். உடம்பெல்லாம் வயர் மாட்டி, ஊசி குத்திப் பார்த்துவிட்டு, அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அவள் சிங்களத்தில் குறுக்கிட்டாள். "நோய் எனக்கு, டொக்டர். என்கிட்ட சொல்லுங்க."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு அவளிடமே சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும். மருந்து இல்லை. புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும். இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று.

"கை முதல்ல போகுமா, கால் முதல்ல போகுமா?" என்று கேட்டாள்.

கைதான் தொடங்கிவிட்டது, ஆனால் எது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நாங்கள் திரும்பி வந்த ரயில் நாவலப்பிட்டியில் நின்றது. அங்கே வடை வாங்கித் தரச் சொல்லி, இடது கையால் தின்றாள்.

அந்த வருட முடிவில் வேலையை விட்டாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளப் பூண்டுலோயாப் பாதையில் இருந்த லயத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பெலமான கைகள். அவளைத் தூக்கி நாற்காலியில் இருத்துவதும் சோறு ஊட்டுவதும் அவர்தான். ரயில் மேடை மட்டும் சும்மா கிடந்தது. கொன்ட்ரோலர் அதன் ஓரத்தில் திருகாணி போட்டுப் பூட்டியிருந்தது. அவளால் நின்று அதை எட்ட முடியாது. நாற்காலியில் இருந்தால் மேடையின் விளிம்பு மறைத்தது.

ஒரு நாள் பின்னேரம் அவளே கேட்டாள். "என்னங்க, டீவிக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் ரிமோட்டு இல்லாமலா இருக்கும்? மடியில வச்சுக்கிட்டு ஓட்டுவேனே."

தம்பிக்கு எழுதினேன். அவன் ரயில் சாமான் கடைகளுக்குப் போய், விலைப் புத்தகங்களின் பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பினான். இப்படி எத்தனையோ வகை உலகத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பாய் விரித்தாற்போல் அவற்றைக் கட்டிலில் பரப்பிவைத்து இரண்டு வாரம் பார்த்தோம். அந்த இரண்டு வாரமும் அவள் உற்சாகமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ளும் கொன்ட்ரோலருக்கு நீண்ட வயர் போடுவது ஒரு வழி. செலவும் குறைவு. அவள் கேட்ட உடனேயே தலையாட்டி மறுத்தாள். "வயரு வேணாங்க. கண்டியில மாட்டுனது போதும்." அக்காவும் தன் காலில் சிக்கும் என்றார்.

புது முறை ஒன்றும் இருந்தது. எஞ்சினுக்குள் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்திவிட்டால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாமாம். ஆனால் எங்கள் பழைய எஞ்சின்களைப் பிரித்து, மோட்டாரை இரும்பு உடம்பிலிருந்து வேறாக்க வேண்டும். எனக்கு அதைச் செய்து பார்க்க ஆசை. "எனக்கு ஊசி குத்தினது போதாதா? அதுகளையும் அறுக்கணுமா?" என்றாள். அதோடு அது முடிந்தது. பழைய முறையே இருக்கட்டும், ரிமோட் மட்டும் புதிது என்று தீர்மானித்தோம்.

அதிலும் இரண்டு வகை. ஒன்று, டீவி ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்வது. நேராக நீட்டிப் பிடித்தால்தான் கேட்கும். பக்கத்து வீட்டு டீவி ரிமோட்டை இரவல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அவளால் அதை ஜன்னல் பக்கம் நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிக்க முடியவில்லை. முன்பக்கம் சரிந்து மடியில் விழுந்தது. மற்றது ரேடியோ அலையில் வேலை செய்வது. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், கம்பளிக்கு அடியில் இருந்தாலும் கேட்கும். அப்படியானால் அதுதான்.

ரேடியோவிலும் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கறுப்பு நிறம், உள்ளங்கைக்கு அடக்கமானது, பெருவிரலால் திருப்பும் குமிழ். மற்றது அகலமானது, அசிங்கமானது, நான்கு பெரிய மஞ்சள் பொத்தான்கள். கூட்ட, குறைக்க, திசை மாற்ற, நிறுத்த.

விலைப் புத்தகப் பக்கத்தில் போட்டிருந்த அளவுகளுக்குப் பலகைத் துண்டு அறுத்து இரண்டு பொய் ரிமோட் செய்தேன். ஒன்றில் சோடா மூடியை ஆணி அடித்துக் குமிழாக்கினேன். மற்றதில் கோட்டுப் பொத்தான்களை ஒட்டினேன். அவள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது போல் பாவனை செய்வாள். நான் மேடையருகில் நின்று அவளுடைய விரலைப் பார்த்துப் பார்த்து உண்மையான குமிழைத் திருப்புவேன். சோடா மூடியை அவள் சுட்டுவிரலின் பக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். ரயில் பழையபடி மூச்சு வாங்கி ஏறியது. ஆனால் கால் மணித்தியாலத்தில் கை சோர்ந்துவிட்டது. பொத்தானை விரல் முட்டியாலும் அழுத்தினாள், மணிக்கட்டாலும் அழுத்தினாள்.

"இதுதாங்க," என்று பொத்தான் பலகையைக் காட்டினாள்.

"அது சின்னப்பிள்ளையளின்ர சாமான் மாதிரிக் கிடக்கு," என்றேன். "வேகம் படி படியாத்தான் கூடும். உமக்கு மெல்ல மெல்ல நிப்பாட்டுறதுதானே விருப்பம்?"

"விருப்பந்தான். ஆனா நீங்க இந்த மாசத்து கைய பாத்து வாங்க பாக்குறீங்க. சாமான் வந்து சேரையில எந்த வெரல் மிச்சம் இருக்கும்னு யோசிங்க."

"அப்பிடிக் கதையாதையும்."

"நான் பேசாம யாரு பேசுறது? டொக்டர் சொல்லையில நீங்களும்தான கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அன்று பின்னேரமே தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஓம்." "பட்டன் உள்ளதுதான?" "ஓம்," என்றேன்.

கடிதத்தில் குமிழ் உள்ளதை அனுப்பச் சொல்லியிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல சாமானாகக் கொடுக்க நினைத்தேன், அவளுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். உண்மை அதைவிடச் சின்னது. நான்கு மஞ்சள் பொத்தான் என்று எழுதினால் அவளுடைய விரல்கள் போய்விடும் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு இருந்தது.

தம்பி உடனே வாங்கி அனுப்பிவிட்டான். சாமான் வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. சிங்களத்தில் இருந்ததால் அவள்தான் வாசித்துச் சொன்னாள். பொதியில் ரேடியோ அலை அனுப்பும் கருவி இருக்கிறது, அனுமதி இல்லாமல் விடுவிக்க முடியாது, நேரில் வர வேண்டும்.

கண்டி டொக்டரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் போன அலுவலகத்தில், பொதியில் இருப்பது ரிமோட் கொன்ட்ரோல் என்று ஆங்கிலத்தில் சொன்னதும், மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். யுத்தத்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில் கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான் மனதில் வரும். அவர் என் அடையாள அட்டையை எடுத்துப் பிறந்த இடத்தைப் பார்த்தார்.

"எதற்கு?"

"பொம்மை ரயிலுக்கு."

"எத்தனை பிள்ளைகள்?"

"பிள்ளைகள் இல்லை."

"அப்படியானால் பொம்மை யாருக்கு?"

"என் மனைவிக்கு."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கே அதே கேள்விகளை மூன்று மணித்தியாலம் கேட்டார்கள். எந்தப் பாடசாலை, எந்த வருடம் மலைக்கு வந்தேன், ஏன் வந்தேன், விஞ்ஞானத்தில் எந்தப் பகுதி படிப்பிக்கிறேன். மின்சாரம் என்று சொல்ல வாய் வரவில்லை. தாவரவியல் என்றேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது. டொக்டரின் கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆறு வாரம் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நடுத்தர வயது அதிகாரி, மற்றவர் துவக்கோடு வந்த சிப்பாய். அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என் சிங்களம் கடைக்குப் போகத்தான் காணும், விசாரணைக்குப் போதாது. அதனால் என் மனைவிதான் பேசினாள். தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி. ஆனால் அந்த மாதங்களில் நாக்கும் தடிக்கத் தொடங்கியிருந்தது. அதிகாரி இரண்டு வசனம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா குடித்திருக்கிறாரா?"

எனக்கு விளங்கியது. அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். "குடிக்கல, மாத்தியா. நாக்கு சாகுது. கை செத்திருச்சு. பிறகு இது."

அவர் தொப்பியைக் கழற்றினார். ரயிலை ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் குமிழைத் திருப்பினேன். பதற்றத்தில் கூடத் திருப்பிவிட்டேன். எஞ்சின் வளைவில் குதித்துச் சாய்ந்தது. துவக்குக்காரர் தன்னையறியாமல் பின்னால் ஒரு அடி வைத்தார். அதிகாரி குனிந்து சுரங்கத்துக்குள் டோர்ச் அடித்தார். மேடைக்கு அடியிலும், பெட்டிகளைத் திறந்தும், வயர்கள் எங்கே போகின்றன என்றும் பார்த்தார். பிறகு ரிமோட் எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும் என்று கேட்டார்.

"இந்த நாற்காலியிலேருந்து அந்தப் பலகை வரைக்கும்," என்றாள் அவள். "எனக்கு அம்புட்டுத் தூரம் போக முடியாது. அதுக்குத்தான்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். போகும்போது குறுக்குவழியில் பனி வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று அவள் சொன்னாள். அவர்கள் போன பிறகு நான் எஞ்சினைத் தூக்கி வைத்தேன். "கொஞ்சம் மெதுவா திருப்பியிருக்கலாம்," என்றாள். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அனுமதி வர மேலும் ஐந்து மாதம் ஆனது. அவளுடைய பெயரில், பாவிப்பவர் அவர் மட்டுமே, வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது, யாருக்கும் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. அதற்குள் வலது கை முழுவதும் போய்விட்டது. இடது கையில் விரல்கள் மடங்கியபடி இறுகிவிட்டன. முட்டியால் ஒன்றை அழுத்தலாம். திருப்ப முடியாது.

பொதியைத் தலவாக்கலையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது எனக்குத் தெரியும் உள்ளே என்ன இருக்கிறது என்று. வழியில் இறங்கி எங்கேயாவது எறிந்துவிட்டு, வரவில்லை என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். அக்கா தலைவாரிப் பூ வைத்திருந்தார். நான் கடதாசியைப் பிரித்தேன். கறுப்பு ரிமோட் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. குமிழில் ஒரு வெள்ளைக் கோடு.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கடையில மாத்தி அனுப்பிட்டாங்களா?"

"ஓம்," என்றேன். "மாத்தி அனுப்பிப்போட்டாங்கள் போல."

"சரி. திருப்பி அனுப்ப நேரம் இல்ல. வச்சுக்குவோம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே போய் முற்றத்தில் நின்றேன். உள்ளே அவள் அக்காவிடம், "அது கைக்குள்ள வச்சு விடுங்கக்கா, எப்புடி இருக்குன்னு பாப்போம்," என்று சொல்வது கேட்டது. ரிமோட் தரையில் விழும் சத்தமும் கேட்டது.

வைத்துக்கொள்வோம் என்று அவள் சொன்னதால் நான் எதையாவது செய்துதான் ஆக வேண்டும். ரிமோட்டைத் திறந்து குமிழுக்குப் பதிலாகப் பொத்தான் பொருத்தலாமா என்று பார்த்தேன். உள்ளே எல்லாம் மயிரிழை போன்ற தகடுகள். என் கை அதற்குக் காணாது. கெடுத்துவிட்டால் இன்னொன்றுக்கு அனுமதி எடுக்க அவளுக்கு ஆயுள் இல்லை. மூடி வைத்துவிட்டேன். அவளுடைய உடம்பில் எது அசைகிறது என்று அக்காவிடம் கேட்டேன். கேட்டபோதுதான் அவளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவரே செய்வதால் என்னைவிட அவருக்கு அது தெரியும் என்று விளங்கியது.

"எடது காலு கணுக்காலு அசையுதுங்க சேர். அழுத்துவாங்க. தூக்கத்தான் மாட்டாங்க."

பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் இரண்டு நாள் இருந்து, தையல் மெசின் மிதி மாதிரி ஒரு பலகை செய்தேன். ரிமோட்டை அதில் கட்டி, குமிழைச் சுற்றி நூலைச் சுற்றினேன். காலால் அழுத்தினால் நூல் இழுபட்டுக் குமிழ் திரும்பும். விட்டால் சைக்கிள் டியூப் ரப்பர் அதைத் திரும்ப இழுத்து ரயிலை நிறுத்தும். எதுவும் ரயில் மேடையோடு தொடுத்திருக்கவில்லை என்பதால் நாற்காலி, கட்டில், எங்கே அவள் இருந்தாலும் காலடியில் வைக்க முடிந்தது. வயரில்லாததன் பலன் அவ்வளவுதான்.

முதல் நாள் நூல் வழுக்கியது. இரண்டாம் நாள் மெழுகு தேய்த்தோம். மூன்றாம் நாள் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலவாக்கலையிலிருந்து பச்சை எஞ்சினைக் கிளப்பினாள். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியது. வளைவில் மெதுவாகியது. வட்டகொடையில் கடைசிப் பெட்டியும் மேடைக்குள் வந்த பிறகு நின்றது. அவளுடைய நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா கைதட்டினார். நான் சொன்ன இரண்டு பொய்களையும் அவளிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "பேசாதீங்க, நானுஓயா போகணும்," என்றாள்.

மழைக்காலம் முழுவதும், பத்து வாரம் இருக்கும், அவள் காலால் ரயில் ஓட்டினாள். மேகம் வீட்டுக்குள் வந்து தண்டவாளம் துருப் பூத்துவிடும். நானும் அக்காவும் அழிறப்பரால் தேய்த்துக் கொடுப்போம். அவளைப் பார்க்க வந்தவர்கள் ரயிலைப் பார்த்தார்கள். அவளோடு படிப்பித்த ஆசிரியைகள் வந்தால் முகத்தைப் பார்க்கத் தெரியாமல், "ஓட்டுங்க டீச்சர், பாப்போம்," என்பார்கள். எஞ்சின் சுற்றிச் சுற்றி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்து, மழை விட்டதும் எழுந்து போவார்கள். ஒரு நாள் அவர்கள் போன பிறகு, எனக்கும் அக்காவுக்கும் மட்டும் விளங்கக்கூடிய பேச்சில் சொன்னாள்: "இனிமே ஆளுங்க வந்தா ஓட்ட மாட்டேன். நான் என்ன சர்க்கஸா?"

மழை முடிந்தபோது கணுக்காலும் போய்விட்டது. மிதியை எடுத்து மூலையில் வைத்தேன். பேச்சும் நின்றிருந்தது. கண் மட்டும் மிஞ்சியது. நான் பழைய கொன்ட்ரோலரில் நின்று ஓட்டுவேன். அவள் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தால் கிளம்ப வேண்டும், மூடியபடியே இருந்தால் நிறுத்த வேண்டும். நான் கெட்ட டிரைவர். எப்போதும் பிந்தித்தான் நிறுத்துவேன். ஸ்டேசனைத் தாண்டி ரயில் நிற்கும்போது அவளுடைய கண்ணில் வரும் எரிச்சலைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபப்பட அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ரயில் ஸ்டேசன் எதிலும் இல்லாமல் பாதி வழியில் போகும்போது கண்ணை மூடினாள். நிறுத்தினேன். திறக்கவில்லை. நித்திரையோ என்று நினைத்தேன். அக்கா குனிந்து பார்த்து, "முழிச்சுத்தாங்க இருக்காங்க. போதும்ங்குறாங்க," என்றார். அதற்குப் பிறகு அவள் ரயில் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் நெஞ்சில் சளி கட்டி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தோட்டத்துச் சனம்தான் தூக்கியது. எங்கள் பக்கத்தில் யாரும் வரவில்லை.

அனுமதியின் நிபந்தனைப்படி ரிமோட்டைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே பதிவு எழுதுகிறவர் காரணம் கேட்டார். பாவிப்பவர் இறந்துவிட்டார் என்றேன். குமிழில் இன்னும் நூல் சுற்றியிருந்தது. அது என்ன என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு உறைக்குள் போட்டார்.

யுத்தம் கொஞ்சக் காலம் நின்றபோது தம்பி வந்தான். எனக்கு இடமாற்றம் கிடைத்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். மேடையை அறைக்குள்ளேயே வைத்துக் கட்டியதால் வாசலால் எடுக்க முடியவில்லை. மூன்றாக அறுப்பதற்கு அவன் ஒரு பக்கம் பிடித்தான். அப்போதுதான் அவனிடம் சொன்னேன், அவள் கேட்டது எது, நான் எழுதியது எது என்று.

அவன் மரம் அறுக்கும் வாளை நிறுத்தினான். "அண்ணிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டானோ எண்டு கேட்டா. நான் ஓம் எண்டனான்."

அவன் பலகையில் கிடந்த மரத்தூளை ஊதிவிட்டான். பிறகு, "பிடியுங்கோ அண்ணை," என்று சொல்லி மறுபடி அறுக்கத் தொடங்கினான்.

எஞ்சின்களையும் பெட்டிகளையும் அவன் தன்னோடு கொண்டுபோகக் கட்டி வைத்தான். பலகைகளை அவள் படிப்பித்த பாடசாலையில் கேட்டிருந்தார்கள், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே மறைப்புக் கட்ட. தட்டையாக வேண்டும் என்றார்கள். அதனால் அவள் கட்டிய மலையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மா காய்ச்சிய பசை அத்தனை வருடத்திலும் இளகவில்லை. தம்பியும் அக்காவும் நானும் கத்தி, கரண்டி, உளி என்று கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அன்று பகல் முழுவதும் சுரண்டினோம். பத்திரிகைத் துண்டுகள் எழுத்தோடு எழுத்தாகப் பெயர்ந்து வந்தன. அக்கா அவற்றைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டார்.